சுண்ணாம்பும் சம்மதமும்

1

குறைந்த வருமானத்தில் நடக்கிற ஒரு வீடு தன் சுவர்களுக்காகச் செலவழிக்கும் காசைப் பற்றி நம்மிடம் இரண்டு அபிப்பிராயங்கள் தயாராக இருக்கின்றன. அது வீண் என்பது ஒன்று: அரிசிக்கும் மருந்துக்கும் போக வேண்டிய பணம் வர்ணத்துக்கும் பிளாஸ்டிக் பூவுக்கும் போகிறது. அது மனதை நெகிழ்விக்கிறது என்பது மற்றது: இவ்வளவு இல்லாமையிலும் இவர்களுக்கு அழகின் மேல் எவ்வளவு ஆசை! முதலாவது கணக்குப்பிள்ளையின் அபிப்பிராயம், இரண்டாவது விருந்தாளியின் அபிப்பிராயம். இருவருமே அந்த வீட்டில் ராத்தங்கப் போகிறவர்கள் இல்லை.

மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. அரசியல் பிரக்ஞை உள்ளவர்களுடையது. அதனால் கொஞ்சம் கனம் கூடியது. தன்னை அழுக்காக்குகிற சூழ்நிலையை விட்டுவிட்டு, படிந்த அழுக்கை மட்டும் ஒருவன் துடைத்துக் கொண்டிருந்தால் அவன் அந்தச் சூழ்நிலையோடு சமாதானம் செய்துகொண்டவனாகிறான் என்பது அது. சிறையறைக்குத் திரைச்சீலை தைக்கிறவன் சிறையை ஒப்புக்கொள்கிறான். முதல் இரண்டு அபிப்பிராயங்களையும் ஒதுக்கிவிடலாம். இதை அப்படி ஒதுக்க முடியாது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது, சுவரைக் கறுப்பாக்கியவர்களுக்குத் தருகிற சம்மதமா? நியாயமான கேள்விதான்.

பொதுப்படையாக வைத்துப் பேசினால் இந்தக் கேள்விக்கு எந்தப் பதிலும் சரியாகத்தான் படும். ஓர் இடத்தில் வைத்துப் பார்க்கலாம். ராயபுரத்தில் தொடங்கிக் காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர் என்று எண்ணூர் வரை கடலை ஒட்டிப் போகிற நிலப்பட்டையில் ஒரு சுவர் இரண்டு விதமாகக் கெடுகிறது. உப்புக் காற்றால் கெடுவது ஒரு விதம். ஓதம் ஏறி, உப்புப் பூத்து, காரை பொருக்குப் பொருக்காக உதிரும். இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. கடல் அங்கே முதலிலேயே இருந்தது. இன்னொரு விதம் மனிதர்கள் கொண்டுவந்தது. சென்னைத் துறைமுகத்தில் குவித்து ஏற்றி இறக்கப்பட்ட நிலக்கரியின் தூள் பல பத்தாண்டுகள் ராயபுரத்துக் கொடிகளில் காய்ந்த துணிகளின் மேலும் சுவர்களின் மேலும் படிந்துகொண்டிருந்தது. 2011இல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு நிலக்கரி அங்கிருந்து எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. எண்ணூருக்குக் கரி புதிதில்லை. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் 2017இல் மூடப்படும் வரை அங்கே புகைந்துகொண்டிருந்தது. வடசென்னை அனல் மின் நிலையம் 1994 முதல் சாம்பலைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஆக ஒரு பேட்டையின் சுவர் வெளுத்ததற்கு இன்னொரு பேட்டையின் சுவர் விலை கொடுத்தது. அழுக்கு என்பது அழிவதில்லை, இடம் மாற்றி வைக்கப்படுகிறது என்பதை இங்கே பௌதிக சாஸ்திரம் படிக்காமலே தெரிந்துகொள்ளலாம்.

இப்படிப்பட்ட இடத்தில்தான் வருஷத்துக்கு ஒரு தரம் சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள். போகிக்கு முன்னால் சிலர், கிறிஸ்துமஸுக்கு முன்னால் சிலர், ரம்ஜானுக்கு முன்னால் சிலர்.

2

என்ன செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது. நம்முடைய விவாதங்களில் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுடும்போது கரியமில வாயு வெளியேறுகிறது. சுட்டதைத் தண்ணீரில் போட்டால் கொதித்துப் பொங்கி வெந்து மாவாகும். ஒரு ராத்திரி ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பிடிமானத்துக்குக் கொஞ்சம் கஞ்சியோ உப்போ சேர்த்து, வெளுப்பு மஞ்சளடிக்காமல் இருக்கத் துணிக்குப் போடும் நீலத்தில் துளி கலந்து, மட்டையால் அடிக்கிறார்கள். சுவரில் ஏறிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. காரம் மிகுந்தது என்பதால் பூஞ்சணமும் பூச்சியும் அண்டுவதில்லை. சுவரிலுள்ள ஈரம் வெளியேறவும் விடுகிறது. ஓதமேறிய சுவரின் மேல் விலை உயர்ந்த எமல்ஷன் அடித்தால் உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் அதைத் தோல் தோலாக உரித்துத் தள்ளிவிடும். இந்த இடத்தில் மலிவானதே பொருத்தமானதாகவும் இருக்கிறது. வேறு வழியில்லாமல் எடுத்துக்கொண்ட பொருளில் இப்படி ஓர் அறிவும் சேர்ந்திருப்பதை, ஏழ்மையின் சாமர்த்தியம் என்று பாராட்டிக் கடந்துபோய்விடுகிறோம்.

சுவருக்கு அப்புறம் மற்றவை. அலமாரித் தட்டுகளில் பழைய நியூஸ்பேப்பரை விரித்து, தட்டுக்கு வெளியே தொங்கும் விளிம்பை மடித்து மடித்துக் கத்தரித்தால் பிரித்ததும் அரைவட்டங்களும் ஓட்டைகளும் வரிசையாக விழும். நைந்த சேலை கதவுத் திரையாகும். அதன் ஜரிகைக் கரை எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதில் ஒரு யோசனை உண்டு. பார்சல் பெட்டிப் பலகை, மேலே ஒரு துணி போட்டதும் டி.வி. வைக்கிற மேஜையாகும். வருஷம் முடிந்த காலண்டரில் தாளைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் வைத்துக்கொள்வார்கள். முருகனோ வேளாங்கண்ணி மாதாவோ மெக்காவோ, சிவகாசியில் அச்சாகி, மளிகைக் கடைக்காரரோ நகைக் கடைக்காரரோ இனாமாகக் கொடுத்தது. பாட்டிலில் மணி பிளான்ட். வாசற்படியில் மஞ்சள் பெயின்ட், அதன் மேல் சிவப்புப் புள்ளிகள்.

இதில் ஒரு கிரமம் இருக்கிறது. முதலில் வாசல், பிறகு உள்ளே வருகிறவர் கண்ணில் படும் எதிர்ச் சுவர், கடைசியில் காசு மிஞ்சினால் சமையல் செய்கிற மூலை. அதாவது பொழுதெல்லாம் நின்று வேலை செய்கிறவளின் மூலை கடைசியில். இந்த வேலைகளில் முக்கால்வாசியை, அலமாரியைக் காலிசெய்து கழுவுவதிலிருந்து காகிதம் கத்தரிப்பது வரை, செய்கிறவளும் அவளேதான். சின்னச் செலவில் வீட்டைப் புதுப்பித்தல் என்று சொல்லும்போது அந்தச் செலவு எதனால் சின்னதாக இருக்கிறது என்று கேட்க வேண்டும். அவளுடைய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கணக்கில் ஏறாததால் சின்னதாக இருக்கிறது. மேற்கொண்டு என்ன சொன்னாலும் இதை மறந்துவிட்டுச் சொல்லக்கூடாது.

3

நவீனத்துவம் அலங்காரத்தின் மேல் கொண்ட கோபத்துக்கு ஒரு பிதாமகர் உண்டு: வியன்னாவின் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லூஸ். 1910ஐ ஒட்டிய வருஷங்களில் 'அலங்காரமும் குற்றமும்' என்ற தலைப்பில் அவர் பேசியதன் சாரம், உபயோகப் பொருள்களின் மேல் அலங்காரம் செய்வது உழைப்பையும் பொருளையும் பாழாக்குவது, நாகரிகம் வளர வளர அது உதிர்ந்துவிட வேண்டும் என்பது. நம்மில் பலர் லூஸைப் படிக்காமலே லூஸின் கட்சி. கவிதையில் அணிகளை உதறியதை நாம் பெரிய விடுதலையாகக் கொண்டாடினோம். அது அப்போது அவசியமாகவும் இருந்தது. ஆனால் அந்த ருசியைக் கையோடு எடுத்துப்போய் அடுத்தவர் வீட்டுச் சுவரில் மாட்டும்போது அது வேறொன்றாகிவிடுகிறது.

லூஸே இந்த இடத்தில் ஒரு விலக்கு தருகிறார். தன் செருப்புத் தைப்பவர் செருப்பில் போடும் அலங்காரத் தையலைத் தான் சகித்துக்கொள்வதாகச் சொல்கிறார். அது இல்லாவிட்டால் அந்த மனிதருக்குத் தன் வேலையில் சந்தோஷமில்லை. லூஸுக்குப் பகல் வேலை முடிந்ததும் பீத்தோவன் இருக்கிறார், செருப்புத் தைப்பவருக்கு அது இல்லை. ஆகவே அவரிடமிருந்து அலங்காரத்தைப் பறிக்கக் கூடாது. பெருந்தன்மைபோலத் தோன்றுகிற இந்த வாக்கியத்தில் ஓர் ஏணி இருக்கிறது. கீழ்ப்படியில் இருப்பவனுக்கு அலங்காரம், மேல்படிக்கு வந்தால் கலை. அறுபத்தொன்பது வருஷங்களுக்குப் பிறகு, 1979இல், பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ அந்த ஏணியையே தன் ஆராய்ச்சிப் பொருளாக்கினார். ரசனை என்பது வர்க்கம் தன்னைப் பிரித்துக் காட்டிக்கொள்ளும் வழி என்று காட்டியது அவருடைய பெரிய காரியம். ஆனால் உழைக்கிறவர்களின் ரசனை தேவையிலிருந்து பிறக்கிறது, தேவையானதையே அது தேர்ந்துகொள்கிறது என்று அவர் சொல்லும்போது நான் அந்த நியூஸ்பேப்பர் விளிம்பை நினைத்துக்கொள்கிறேன். அலமாரிக்குக் காகிதம் தேவை. விளிம்பில் அரைவட்டம் எந்தத் தேவை?

நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவானபோது அதற்கு நிலம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? அந்த ஓவியர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றதிலிருந்து வந்தது. யார் யாருடைய வீடுகளையோ அலங்கரிப்பதற்காகப் போன துணிகள் அவை. சமரசமில்லாத நவீன ஓவியத்துக்கு நிற்க இடம் வாங்கிக் கொடுத்தது அலங்காரம். இதைச் சொல்வது அந்த ஓவியர்களைக் குறைப்பதற்காக அல்ல. ஏணியில் எது மேல்படி எது கீழ்ப்படி என்பது நாம் நினைக்கிற அளவுக்குத் தெளிவாக இல்லை என்பதற்காகத்தான்.

4

அலங்காரம் என்ற சொல்லையே இப்போது பார்க்கலாம். ஆனந்த குமாரசாமி 1939இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தச் சொல்லை எடுத்துப் பிரித்துக் காட்டுகிறார். அலம் என்றால் போதும். அலங்காரம் என்றால் போதுமானதாக ஆக்குதல். ஒரு பொருள் தன் காரியத்தைச் செய்வதற்கு எது எது வேண்டுமோ அதைக் கொடுத்து நிறைவாக்குவதே அதன் ஆதி அர்த்தம், மிகையாக மேலே ஒட்டுவது என்பது பின்னால் வந்த சரிவு என்கிறார் அவர். நம்முடைய அணி என்ற சொல்லிலும் இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் ஒன்று இருக்கிறது: ஆபரணமும் அணி, வரிசையும் அணி. ஒழுங்கில் நிறுத்துவதே அழகு செய்வது.

இதன்படி பார்த்தால் நம் கேள்வியின் உருவம் மாறுகிறது. போதாத வீடு ஒன்று இருக்கிறது. அதைப் போதுமானதாக ஆக்கும் காரியம் நடக்கிறது. பத்துக்குப் பத்து அறை ஒன்றில் ஐந்து பேர். சுவர் வெளுத்ததால் அறை ஒரு அங்குலமும் பெரிதாகவில்லை. ஆனாலும் அங்கே இனிமேல் ஒருவரை உட்காரச் சொல்ல முடியும். வீடு என்பது, உள்ளே வாருங்கள் என்று சொல்ல முடிகிற இடம் என்றால், அந்தச் சுண்ணாம்புதான் கொட்டடியை வீடாக்கியது.

போதும் என்ற இந்தச் சொல்லுக்கு நேர் எதிரேயும் அதே திருவொற்றியூரில் ஒருவர் இருக்கிறார். காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகராக இருந்து எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட்ட பட்டினத்தாரின் சமாதி அங்கே கடற்கரை ஓரம். தொழிற்சாலைகளுக்கும் லாரிகளுக்கும் நடுவில், வீடு மனைவி செல்வம் எதுவும் கூட வராது என்று சொன்னவரின் இடம். சுவருக்கு வர்ணம் அடிப்பவர்களைப் பார்த்து அவர் சிரிப்பார் என்று நமக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துறப்பதற்கு முதலில் இருக்க வேண்டும். மாளிகையை விட்டு வந்தவரின் வெறுமையும், வாடகை வீட்டின் காரை உதிர்ந்த சுவரின் வெறுமையும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம், அறத்தில் ஒன்றல்ல. ஏழைகளுக்கு எளிமையை உபதேசிப்பவர்கள் இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்புகிறார்கள். ஒருவனுக்குக் கிடைக்காததை அவன் துறந்ததாகச் சொல்வது திருட்டில் சேர்த்தி.

இதே ஒற்றியூர்க் கோயிலுக்கு வருஷக்கணக்கில் நடந்து வந்துகொண்டிருந்தவர் இராமலிங்க அடிகள். ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் அண்ணன் வீட்டு மாடி அறை ஒன்றை வாங்கிக்கொண்டு அவர் செய்தது என்ன என்று அவருடைய சரித்திரம் சொல்கிறது: ஒரு நிலைக்கண்ணாடியைச் சுவரில் சார்த்தி, அதன் முன் விளக்கேற்றி, பூப்போட்டு உட்கார்ந்தார். அந்தக் கண்ணாடியில் தணிகை முருகன் தெரிந்தார் என்பது நம்பிக்கை. நம்பிக்கையை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், தந்தையை இழந்த ஒரு சிறுவன் இன்னொருவர் வீட்டு அறையைத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டது அந்தக் கண்ணாடி விளக்கு பூ என்ற மூன்றால்தான். 1872இல் வடலூரில் சத்திய ஞான சபையைத் திறந்தபோதும் உள்ளே இருந்தவை கண்ணாடியும் விளக்கும் ஏழு திரைகளும். ஒரு கண்ணாடி, ஒரு விளக்கு, சில துணிகள். நம் போர்டு வீடுகளில் எதிர்ச் சுவரில் இருப்பவற்றின் பட்டியலும் ஏறக்குறைய இதுதான்.

5

சம்மதம் என்ற ஆட்சேபம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

சுவர் யாருடையது என்பதைப் பொறுத்து அழகு செய்வதன் அர்த்தம் மாறுகிறது. வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது என்பது ஹவுஸ் ஓனரின் முதல் விதி. அடித்தால் அட்வான்ஸில் கழித்துக்கொள்வார். நாம் வெள்ளையடித்தால் மட்டும் அது அவருடைய சுவருக்கு வந்த லாபம். அடுத்த வருஷம் வாடகையை ஏற்றுவதற்கு ஒரு காரணமும் ஆகும். 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய ஸ்தாபனத்தின் அடுக்குகளிலோ, சுனாமிக்குப் பிறகு எர்ணாவூரில் கட்டப்பட்ட குடியிருப்புகளிலோ, சுவர் நமதா வாரியத்தினுடையதா என்பது பட்டா கைக்கு வரும் வரை முடிவாகாத கேள்வி. இந்த நிலையில் சொந்தக் காசைப் போட்டுச் சுவரைப் புதுப்பிப்பது சட்டத்தின் கண்ணில் அசட்டுத்தனம். ஆனால் இருக்கப் போகிறவன்தான் சுவரைக் கவனிப்பான். நாங்கள் இங்கே இருக்கிறோம், நாளைக்கும் இருப்போம் என்பதைப் பட்டா இல்லாமல் சொல்வதற்கு வேறு என்ன வழி இருக்கிறது?

இதோடு இன்னொரு சுவரை ஒப்பிட வேண்டும். நகரின் தென்கோடியில், 2000த்திலிருந்து குடிசைப் பகுதி மக்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய கண்ணகி நகரில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 2020இல் ஒரு கலை அமைப்பும் பெயின்ட் கம்பெனியும் அரசும் சேர்ந்து அந்த அடுக்குகளின் வெளிச் சுவர்களில் பிரம்மாண்டமான சித்திரங்களைத் தீட்டச் செய்தார்கள். சித்திரங்கள் மோசமானவை அல்ல. சில மிக நன்றாகவே இருக்கின்றன. அங்கே இருப்பவர்களில் பலருக்குப் பிடித்திருந்தால் அதிலும் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தச் சித்திரங்கள் எங்கே பார்த்துக்கொண்டிருக்கின்றன? தெருவை, ரோட்டில் போகிறவர்களை, புகைப்படக் கருவியை. நான்கு மாடி உயரத்து முகம் ஒன்று வெளியே சிரித்துக்கொண்டிருக்கும் அதே சுவரின் உள்பக்கத்தில் என்ன ஓதம் ஏறியிருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. சம்மதம் என்ற குற்றச்சாட்டைச் சொல்ல வேண்டுமானால் இந்த அழகைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். இங்கே அழகு செய்கிறவர் வேறு, அதற்குள் வசிக்கிறவர் வேறு, அதனால் நல்ல பெயர் எடுக்கிறவர் இன்னும் வேறு. தண்டையார்பேட்டைக்காரி உள்சுவருக்கு வெள்ளையடிக்கும்போது இந்த மூன்றும் ஒருவரே; நல்ல பெயர் என்று ஒன்றும் வருவதும் இல்லை.

6

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலிச் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்துக்கு வந்தது. படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாவற்றின் மேலும் படிந்தது. வீடுகளுக்குள்ளும் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு, அது நின்ற உயரத்தில் சுவர் நெடுகக் கறுப்புக் கோடு. மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாயும், பாதிக்கப்பட்ட மற்றக் குடும்பங்களுக்கு 7,500 ரூபாயும் அரசு நிவாரணமாக அறிவித்தது.

சுண்ணாம்பு எண்ணெயின் மேல் பிடிக்காது. தண்ணீரில் கரைத்தது எண்ணெய் குடித்த காரையில் ஊறாது. மேலே அடித்தாலும் கறை ஊடுருவி வெளியே வரும். காரையைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமை வேலையில்லை. கொத்தனார், சித்தாள், சிமென்ட், மணல். கரித்தூள் படிந்த சுவருக்கு ஒரு வீட்டுப் பெண்ணின் கையில் பதில் இருந்தது. இதற்கு அவள் கையில் பதில் இல்லை. சின்னச் செலவின் எல்லை அந்தக் கறுப்புக் கோடு வரைதான். அதைத் தாண்டிய பிறகும் அவர்களுடைய சாமர்த்தியத்தையும் மனத்திடத்தையும் புகழ்ந்துகொண்டிருப்பது, செலவை ஏற்க வேண்டியவர்களைத் தப்பிக்க விடுவது.

அந்தக் கோடு ஏன் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது என்று யோசித்தால் நம் கேள்விக்கும் பதில் கிடைக்கிறது. சுவர் வெள்ளையாக இருந்ததால் தெரிந்தது. வருஷா வருஷம் வெள்ளையடிக்காமல் விட்டிருந்தால் கரியும் சாம்பலும் ஏறி ஏறி, கறுப்பே சுவரின் நிறம் என்று ஆகியிருக்கும். கறுத்த சுவரில் கறுப்புக் கோடு எங்கே தெரியும்? அழுக்கு அழுக்காகத் தெரிவதற்கு ஒரு சுத்தம் வேண்டியிருக்கிறது. எண்ணூர் என்றால் அப்படித்தான், வடசென்னை என்றால் அப்படித்தான் என்று நகரத்தின் மற்றப் பகுதிகள் முடிவுகட்டிவிட்ட பிறகும், இது அப்படி இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அங்கே ஒரு அளவுகோல் இருக்கிறது. அது பத்தடிச் சுவரில் போகிக்குப் போகி மறுபடி நிறுவப்படுகிறது. சம்மதிக்கிறவர்கள் அளவுகோல் வைத்துக்கொள்வதில்லை.

இதை எதிர்ப்பு என்று பெயரிட்டு உயர்த்தவும் எனக்கு விருப்பமில்லை. அது மறுபடியும் விருந்தாளியின் வேலை. சுண்ணாம்பு கரைக்கிறவள் நம் தர்க்கத்துக்காகக் கரைக்கவில்லை. பண்டிகை வருகிறது, மகளைப் பார்க்க வருகிறார்கள், அல்லது அழுக்கைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது. காரணம் அவ்வளவு சாதாரணமாக இருப்பதால்தான் அது வருஷம் தவறாமல் நடக்கிறது. கொள்கைக்காகச் செய்யப்படும் காரியங்களுக்கு இவ்வளவு ஆயுள் இருந்து நான் பார்த்ததில்லை. நாம் செய்ய வேண்டியது அதற்கு அர்த்தம் சொல்வதைக்காட்டிலும் சிறியது, ஒருவேளை கடினமானது. அவளுடைய சுவரில் நம் ரசனையைத் தேடாமல் இருக்கலாம். அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கணக்கில் ஏற்றலாம். கோடு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம், சுவர் அடுத்த தரம் வெளுத்துக் கோடு மறைந்த பிறகும் கேட்கலாம்.